காரமடைக்கு எத்தனை பைட்? வலைப்பக்கம் தரவுத்தளத்தைக் கேட்கத் தொடங்கிய கதை

காரமடை என்று எழுதினால் நான்கு எழுத்து. அதே பெயரைப் பிஎச்பி மொழியின் ‘ஸ்டர்லென்’ கட்டளையிடம் கொடுத்து நீளம் கேட்டால் 18 என்கிறது. ‘எம்பி-ஸ்டர்லென்’ 6 என்கிறது. ‘கிராஃபீம்-ஸ்டர்லென்’ மட்டும் நம் கண்ணோடு ஒத்துப்போய் 4 என்று சொல்கிறது. மூன்றில் எதுவும் தப்பில்லை. முதலாவது எண்ணுவது பைட்டை. இரண்டாவது எண்ணுவது யூனிகோடு குறியை. அதற்குக் காலும் ஐகாரக் குறியும் தனித்தனி ஆள். மூன்றாவதுதான் எழுத்தை எண்ணுகிறது.

ஒரு வலைப்பக்கம் தரவுத்தளத்துக்கு வினவல் அனுப்பும்போது இந்த மூன்று கணக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பாடப் புத்தகங்களோ வினவலைப் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி என்பதோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பாதிக்கு விடை கிடைத்து இருபது ஆண்டு ஆகிறது. பத்திரமாகப் போன வினவலுக்குத் தமிழ்த் தரவு ஒழுங்காகப் பதில் சொல்கிறதா என்ற மறு பாதிதான் இன்னும் அரைகுறையாக நிற்கிறது. கொங்கு வட்டாரத்தின் ஊர்ப்பெயர்களை எடுத்துக்கொண்டால் அது நன்றாகவே தெரியும்.

முதலில் பழைய கதை. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று கணக்கு வைக்க 1994-ல் சில சிறு நிரல்களை எழுதினார். 1995 ஜூனில் அவற்றை எல்லோருக்கும் கொடுத்தார். அதுதான் பிஎச்பி. தரவுத்தளத்தோடு பேசும் திறமை அதற்குச் சீக்கிரமே வந்தது. ஆஸ்திரேலியாவின் டேவிட் ஹ்யூஸ் எழுதிய எம்எஸ்க்யூஎல், அதன் தொடக்ககாலக் கூட்டாளிகளில் ஒன்று. அதே 1995-ல் சுவீடனில் மைஎஸ்க்யூஎல் வெளிவந்தது. மான்ட்டி விடேனியஸ் தன் மகள் ‘மை’யின் பெயரை அதற்கு வைத்தார், பிற்பாடு இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி பிறந்தது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி நான்கும் சேர்ந்து காசில்லாமல் கிடைத்ததால், மலிவு வாடகை சர்வர்களில் எல்லாம் இந்தக் கூட்டணியே குடியேறியது. இன்றும் சர்வர் மொழி இன்னதென்று தெரிந்த வலைத்தளங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பிஎச்பியில்தான் ஓடுகிறது.

இந்தக் கூட்டணியில் வினவல் அனுப்பிய முறை மிக எளிது. ஆபத்தும் அந்த எளிமையில்தான் இருந்தது. காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. ஊர்வாரியாகக் கறிவேப்பிலை விலை காட்டும் ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்ப்பவர் பெட்டியில் ஊர்ப்பெயரை அடிக்கிறார். பிஎச்பி அதை வாங்கி, முன்பே எழுதிவைத்த எஸ்க்யூஎல் வாக்கியத்தின் நடுவில் ஒட்டுகிறது: வேர் ஊர் = 'காரமடை'. ஒட்டிய முழு வாக்கியமும் ஒரே சரமாக மைஎஸ்க்யூஎல்லுக்குப் போகிறது. எது நிரலாளர் எழுதியது, எது பார்வையாளர் அடித்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

யாராவது பெட்டியில் காரமடை' ஆர் '1'='1 என்று அடித்தால், வாக்கியம் வேர் ஊர் = 'காரமடை' ஆர் '1'='1' என்று ஆகிவிடும். ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம் என்பதால் அட்டவணையின் எல்லா வரிகளும் வெளியே வந்து விழும். விலைப்பட்டியலில் இது வேடிக்கை. வாடிக்கையாளர் கணக்கு இருக்கும் அட்டவணையில் வேடிக்கை இல்லை.

நம் ஊரில் இந்த ஓட்டை ஏன் இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அயர்லாந்தில் இப்படி ஒரு பக்கத்தைத் திறந்தால் முதல் நாளே ஓ'பிரையன் என்று ஒருவர் வந்து பெயரை அடிப்பார். நடுவில் இருக்கும் ஒற்றை மேற்கோள் குறியில் வினவல் முறிந்து பிழைச்செய்தி வரும், நிரலாளர் விழித்துக்கொள்வார். தமிழ்ப் பெயரில் அந்தக் குறிக்கு வேலையே இல்லை. பழனிசாமி, ரங்கநாயகி, மாரப்பன் என்று ஆயிரம் பேர் பதிவு செய்தாலும் பக்கம் சொன்னபடி ஓடும். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் வரும்வரை குறை தெரியாது.

இந்தத் தாக்குதலை வெளிப்படையாக எழுதிவைத்த முதல் கட்டுரைகளில் ஒன்று, 1998 டிசம்பரில் ‘ஃப்ராக்’ இதழில் ஜெஃப் ஃபாரிஸ்டல் புனைபெயரில் எழுதியது. எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்ற பெயர் பிறகு நிலைத்தது. பிஎச்பி கண்டுபிடித்த முதல் மருந்து ‘மேஜிக் குவோட்ஸ்’: வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்கும் முன்னால் தானாகவே ஒரு சாய்கோட்டைச் சேர்த்துவிடும். மருந்து நோயைவிட மோசம். தரவுத்தளத்துக்கே போகாத சொற்களிலும் சாய்கோடு முளைத்தது. சில தளங்களில் அது ஒவ்வொரு சேமிப்புக்கும் இரட்டிப்பானது. பாதுகாப்பு வந்துவிட்டது என்ற பொய்யான நிம்மதி வேறு. 2012 மார்ச்சில் வந்த பிஎச்பி 5.4 அதை ஒரேயடியாகத் தூக்கி எறிந்தது.

சரியான விடை 2004-ல் வந்தது. மைஎஸ்க்யூஎல் 4.1-ம், பிஎச்பி 5-ன் ‘மைஎஸ்க்யூஎல்ஐ’யும் சேர்ந்து வாக்கியத்தையும் மதிப்பையும் பிரித்து அனுப்ப வழி செய்தன. அடுத்த ஆண்டு பல தரவுத்தளங்களுக்கும் பொதுவான ‘பிடிஓ’ வந்தது. வாக்கியத்தில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி. மதிப்பு தனியாகப் பின்னால் வரும். வங்கியில் பணம் கட்டும் சலானைப் போலத்தான் இது. பெயர்க் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதினாலும் காசாளர் அதைப் பெயராகத்தான் படிப்பார். ‘எல்லாப் பணத்தையும் எடுத்துக் கொடு’ என்று எழுதினால் அப்படி ஒரு விநோதப் பெயர், அவ்வளவுதான்.

ஆனால் இதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விடும் பாடங்கள்தான் அதிகம். மைஎஸ்க்யூஎல்லோடு பேசும்போது பிடிஓ இயல்பாகச் செய்வது உண்மையான பிரிப்பு அல்ல, பாவனைதான்: மதிப்புகளைத் தானே பத்திரமாகப் பொதிந்து, ஒரே சரமாக்கி அனுப்புகிறது. நிஜமான பிரிப்பு வேண்டுமென்றால் அந்தப் பாவனையை நிறுத்தச் சொல்லவேண்டும். இன்னொன்று, கேள்விக்குறி மதிப்புக்கு மட்டும்தான். எந்த நெடுவரிசையால் வரிசைப்படுத்துவது, எந்த அட்டவணையில் தேடுவது என்பதை அதில் வைக்க முடியாது. ‘விலைப்படி அடுக்கு, ஊர்ப்படி அடுக்கு’ என்று பார்வையாளருக்கு விருப்பம் கொடுக்கும் பக்கங்களில் ஓட்டை இன்றும் மிச்சமிருப்பது இந்த இடத்தில்தான். அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி அங்கே இல்லை.

பாதுகாக்க வந்ததே வாசலைத் திறந்துவிட்ட கதையும் நடந்தது. 2014 அக்டோபர் 15 அன்று, பிஎச்பியில் எழுதப்பட்ட தள மேலாண்மை மென்பொருளான ட்ரூபல் 7-ல் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. ஜெர்மனியின் செக்ஷன்ஐன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டெஃபான் ஹோர்ஸ்ட் கண்டுபிடித்தது அது. ட்ரூபல் நிரலாளர்கள் ஒட்டுவேலை செய்யும் ஆட்கள் இல்லை. பிடிஓவின் மேல் முறையாக ஓர் அடுக்கே கட்டியிருந்தார்கள். ஒரே நேரத்தில் பல மதிப்புகளைத் தேடும் வினவலுக்கு, அந்த அடுக்கு, மதிப்பு வரும் இடத்தைக் காட்டும் இடக்குறிகளைத் தேவையான அளவு தானே உண்டாக்கும். அந்த இடக்குறிகளின் பெயரை, வந்து சேர்ந்த பட்டியலின் சாவிகளிலிருந்து எடுத்தது. மதிப்பைக் காவல் காத்தவர்கள் சாவியை மறந்துவிட்டார்கள். சாவியும் பார்வையாளரிடமிருந்து வருவதுதானே! தாக்குபவர்கள் எஸ்க்யூஎல்லைச் சாவிக்குள் வைத்து அனுப்பினார்கள். அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளம் பிடிபட்டுவிட்டதாகவே கருதவேண்டும் என்று இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் குழுவே எச்சரித்தது.

பழைய ஓட்டைகளின் விலையைப் பார்க்க பிரிட்டனின் டாக்டாக் போதும். 2015-ல் அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 1,56,959 வாடிக்கையாளர் விவரங்கள் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் வழியாக வெளியேறின. அடுத்த ஆண்டு 4 லட்சம் பவுண்ட் அபராதம். ஓட்டை இருந்த பக்கங்கள் டாக்டாக் எழுதியவையே அல்ல. விலைக்கு வாங்கிய வேறொரு நிறுவனத்திடமிருந்து சீதனமாக வந்தவை. இந்தியாவில் 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு வைக்காதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. கோவையில் யாரோ ஒரு பகுதிநேர நிரலாளர் பத்தாண்டுக்கு முன் எழுதிக்கொடுத்த பக்கத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் சிறு தொழிலகங்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஒட்டுவேலைக்குத் துணை நின்ற பழைய ‘மைஎஸ்க்யூஎல்’ நீட்சியைப் பிஎச்பி 2013-ல் கைவிடுவதாக அறிவித்து, 2015 டிசம்பரில் வந்த 7.0-ல் அகற்றியே விட்டது. ஆனால் பாடம் மாறுவது மெதுவாகத்தான். பழைய புத்தகமும் பழைய காணொளியும் வைத்துப் படித்தவர்கள் கட்டளையின் பெயரில் ஓர் ‘ஐ’யை மட்டும் சேர்த்துவிட்டு, உள்ளே அதே ஒட்டுவேலையைத் தொடர்கிறார்கள். பயிற்சிக்கு எல்லோரும் நிறுவும் எக்ஸ்ஆம்பில் தரவுத்தளத்தின் மூலப் பயனருக்குக் கடவுச்சொல்லே கிடையாது; அந்தப் பழக்கம் சில நேரம் நிஜ சர்வருக்கும் கூடவே போய்விடுகிறது. தமிழில் படிக்க விரும்புவோருக்குக் கணியம் வெளியிட்ட நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இலவசமாகவே கிடைக்கிறது.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிஎச்பி ஒவ்வொரு பக்கக் கோரிக்கைக்கும் புதிதாகப் பிறந்து, தரவுத்தளத்தோடு இணைந்து, வேலை முடிந்ததும் மறைகிறது. மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் ஏற்கும் இணைப்புகளின் இயல்பான உச்சம் 151. தேர்வு முடிவு நாளில் ‘இணைப்புகள் மிகுந்துவிட்டன’ என்று பக்கம் சாய்வது இதனால். அதைவிடச் சாதாரணமான தவறு, நூறு ஊர்களின் பட்டியலை ஒரு வினவலில் எடுத்துவிட்டு, ஒவ்வோர் ஊருக்கும் விலை கேட்கச் சுழலுக்குள் இன்னொரு வினவலை வைப்பது. 101 முறை போய்வந்து செய்யும் வேலை, ‘ஜாயின்’ போட்டால் ஒரே முறையில் முடியும்.

இனித் தமிழ்.

யூனிகோடுக்கு முன்னால் தமிழகமும் ஈழமும் புலம்பெயர்ந்தோரும் எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தது. கண்ணுக்குத் தெரிவது தமிழ். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘க’வுக்குச் சிறிய எஃப், ‘கு’வுக்குப் பெரிய எஃப். மைஎஸ்க்யூஎல் சுவீடன்காரர்கள் செய்தது என்பதால் 2018 வரை அதன் இயல்பான ஒப்பீட்டு விதி சுவீடிஷ் வரிசைதான். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்று. ஆகவே பாமினியில் ஏற்றிய அட்டவணையில் ‘கடை’யைத் தேடினால் ‘குடை’யும் வரும். மடை தேடியவருக்கு முடையும் கிடைக்கும். இன்னும் ஒரு வேடிக்கை: பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறி. எஸ்க்யூஎல் வாக்கியத்தை முடிக்கும் குறியும் அதுவே. அரைப்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் கோப்பை வெட்டும் மட்டமான நிரல்கள், தமிழ்ச் சொல்லின் மெய்யெழுத்துக்கு மெய்யெழுத்து தடுக்கி விழுந்தன.

இந்தக் குழப்பத்துக்கு அரசு முற்றுப்புள்ளி வைத்த நேரம் கோவைக்கு நெருக்கமானது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது; கூடவே தமிழ் இணைய மாநாடும். அதே மாதம் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. டேஸ்16-ல் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. எண்ணவும் அடுக்கவும் சுகமானது. ஆனால் தனிப்பயன் பகுதியில் இடம்பிடித்த அதை வலையுலகம் ஏற்கவில்லை. வென்றது யூனிகோடு.

வென்றதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அட்டவணை யூனிகோடில் இருந்தாலும், பிஎச்பிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலுள்ள இணைப்பு பழைய லத்தீன் குறியேற்றத்தில் பேசினால், தமிழ் உள்ளே போகும்போதே சிதைந்துவிடும். கூத்து என்னவென்றால், அதே இணைப்பு வழியாகத் திரும்ப எடுக்கும்போது சிதைவு நேராகி, பக்கத்தில் அழகான தமிழ் தெரியும். தரவுத்தளத்தை நேரடியாகக் காட்டும் பிஎச்பிமைஅட்மின் வழியாகத் திறந்து பார்க்கிற அன்றுதான் தொப்பி வைத்த லத்தீன் எழுத்துகளாக அம்மணமாக நிற்கும். இணைப்பு திறந்ததும் குறியேற்றத்தைச் சொல்லும் ஒரே வரியில் தீருகிற பிரச்சினை. அந்த வரி இல்லாததால் எத்தனையோ ஆரம்பகாலத் தமிழ்த் தளங்கள் இடம் மாற்றும்போது சிதறின.

அடுத்தது இட அளவு. கோவையிலிருந்து காரமடைக்கு வரும் சாலையில் நரசிம்மநாயக்கன்பாளையமும் பெரியநாயக்கன்பாளையமும் அடுத்தடுத்து வரும். ஊர்ப்பெயருக்கு 20 இடம் தாராளம் என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பெரியநாயக்கன்பாளையத்துக்கு 12 எழுத்துதான். ஆனால் யூனிகோடு குறியாக எண்ணினால் அது சரியாக 20, மயிரிழையில் தப்பியது. நரசிம்மநாயக்கன்பாளையம் 22. கண்டிப்பு இல்லாத பழைய மைஎஸ்க்யூஎல் ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு, கடைசி இரண்டு குறிகளை, அதாவது ‘ம்’மை, வெட்டிவிட்டுச் சேமிக்கும். பிறகு முழுப்பெயரைக் கொடுத்துத் தேடினால் ஊரே இல்லை. 2015-ன் 5.7 பதிப்பு முதல் இயல்பிலேயே கண்டிப்பு வந்தது. இப்போது வெட்டாமல் பிழை சொல்கிறது.

கோவைக்கே ஒரு சிக்கல் உண்டு. ‘கோ’வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம்; முன்னால் வரும் இரட்டைச் சுழியையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைட்டுக்கு பைட் ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு இவை இரண்டு ஊர்கள். இதைத் தீர்க்கப் பிஎச்பியின் ‘இன்ட்ல்’ நீட்சியில் ‘நார்மலைசர்’ இருக்கிறது. உள்ளே வரும் சொல் எதுவானாலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கும் அடங்காதது ‘ஸ்ரீ’. 2005-ல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்தபின் அந்த எழுத்தை ஸகரத்திலும் ஶகரத்திலும் கட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். இவற்றை நார்மலைசர் ஒன்றாக்காது. காரமடை அரங்கநாதர் கோயிலின் பெயரைச் ‘ஸ்ரீ’யோடு சேர்த்துப் பதிவு செய்த ஒரு பட்டியலில், தேடுபவர் விசைப்பலகை எந்த ஸ்ரீயைத் தருகிறதோ அதைப் பொறுத்தே கோயில் கிடைக்கும். நிரலாளர் கையால் ஒரு விதி எழுதி இரண்டையும் இணைப்பதைத் தவிர வழியில்லை.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ உண்மையில் மூன்று பைட்டோடு நின்றுவிட்ட குறைப்பிறவி. தமிழெழுத்து எல்லாம் மூன்று பைட்டுக்குள் அடங்குவதால் நமக்கு அது உறைக்கவில்லை, முகபாவப் படங்கள் வந்து வாக்கியத்தைப் பாதியில் வெட்டும்வரை. ஆனால் 2019-ல் யூனிகோடு 12 சேர்த்த தமிழ் இணைப்புத் தொகுதி, பழைய பின்னக் குறிகளும் நில அளவைக் குறிகளும் கொண்டது. அவை நான்கு பைட். பழைய ஆவணத்தையோ கல்வெட்டையோ உள்ளபடி ஏற்ற விரும்புகிறவருக்கு ‘யூடிஎஃப்8எம்பி4’ கட்டாயம்.

இவற்றையெல்லாம் ஒருங்கே சமாளித்த பிஎச்பி நிரல் ஒன்று நம் கண்ணெதிரே ஓடுகிறது. 2003-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட தமிழ் விக்கிப்பீடியா மீடியாவிக்கியில் நடப்பது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேமிக்கும் நூலகம் தளமும் அதில்தான். மீடியாவிக்கியில் நிரலாளர் வினவலைச் சரமாக ஒட்டுவதில்லை. அட்டவணை, நெடுவரிசை, நிபந்தனை என்று தனித்தனியாகக் கொடுக்க, உள்ளிருக்கும் அடுக்கு வாக்கியத்தைக் கட்டுகிறது. உள்ளே வரும் எல்லாச் சொல்லும் முதலிலேயே ஒரே வடிவத்துக்கு மாற்றப்படுவதால் இரண்டு கோவைகளும் ஒரே பக்கத்துக்குப் போய்ச் சேரும். ஒரு விட்டுக்கொடுப்பும் இருக்கிறது: தலைப்பைப் பைட்டாகவே சேமிக்கிறது, உச்சம் 255. ஆங்கிலத் தலைப்புக்கு 255 எழுத்து. தமிழுக்கு 85 குறி. இதைப் பாரபட்சம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 85 குறிக்குள் அடங்காத தலைப்பைச் சுருக்கிவிடுவதே வாசகருக்கு நல்லது.

அடுக்கும் வரிசையில் இன்னும் தொல்லை. யூனிகோடு அட்டவணையில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது, நம் அகராதியில் கடைசி. குறி எண்படி அடுக்கினால் றகரமும் ளகர ழகரமும் இடம் மாறும். மைஎஸ்க்யூஎல் 8-ன் மொழிவாரி விதிகளில் தமிழுக்கென்று தனியாக ஒன்று இல்லை. பிஎச்பியின் ‘கொலேட்டர்’ தமிழ் விதியை அறியும். எனவே பட்டியலை எடுத்துவந்து பிஎச்பியில் அடுக்குவதே இப்போதைக்குச் சரியான வழி. பெரிய பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்கும்போது மட்டும் இது கைகொடுக்காது.

கடைசியாகத் தேடல். கொங்குப் பக்கம் ‘பாளையம்’ என்று முடியாத ஊரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ‘பாளையம் என்று முடியும் ஊரெல்லாம்’ என்று கேட்டால், ‘லைக்’ வினவலின் தொடக்கத்திலேயே சதவீதக் குறி வந்துவிடும். இடமிருந்து வலம் படிக்கும் சுட்டி அங்கே உதவாது, அட்டவணை முழுவதையும் துழாவவேண்டும். ஊர்ப்பட்டியல் சில ஆயிரம் வரிதான் என்றால் கவலை வேண்டாம். லட்சக்கணக்கில் என்றால் பெயரைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு நெடுவரிசையில் வைத்து, அதற்குச் சுட்டி போடுவது பழைய தந்திரம்.

வேற்றுமை உருபு அதைவிடக் கெட்டிக்காரத்தனம் கேட்கிறது. காரமடையில், காரமடைக்கு என்பவை ‘காரமடை’யில் தொடங்குவதால் முன்னொட்டுத் தேடல் பிடித்துவிடும். மேட்டுப்பாளையம் அப்படியில்லை; ‘மேட்டுப்பாளையத்தில்’ என்றதும் ‘ம்’ போய்விடுகிறது. இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், 2019-ல் வெளியிட்ட 12-ம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் வேரைப் பிரிக்கும் ஸ்னோபால் கருவியைச் சேர்த்தது. மைஎஸ்க்யூஎல்லில் அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. மலிவு வாடகை சர்வரில் பெரும்பாலும் கிடைப்பது மைஎஸ்க்யூஎல்லோ மரியாடிபியோதான். அங்கே இருக்கும் நிரலாளர், தேடுசொல்லின் இறுதி ‘ம்’மை வெட்டி, ‘மேட்டுப்பாளைய’ என்பதன் பின்னால் சதவீதக் குறியைச் சேர்த்துக் கேள்விக்குறியின் இடத்துக்கு அனுப்பினால் இரண்டு வடிவமும் அகப்படும். ஒற்று இல்லாமல் ‘மேட்டுபாளையம்’ என்று எழுதி வைத்தவர்களின் வரிகளுக்கு இன்னொரு வினவல் வேண்டும்.